பட்டாளத்திலிருந்து பட்டப்படிப்புக்கு: அமெரிக்கப் படைவீரர்களுக்கான கல்வி உதவியை எந்த வரிசையில் எடுப்பது?

அமெரிக்க ராணுவத்தில் தமிழர்களும் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்து சேர்ந்த பிள்ளைகள் ஒருபுறம். மாவ்னி திட்டத்தின் வழியாகச் சேர்ந்தவர்கள் மறுபுறம். கிரீன் கார்டு இல்லாதவர்களையும், ராணுவத்துக்குத் தேவைப்படும் மொழி தெரிந்திருந்தால் சேர்த்துக்கொண்டு விரைவாகக் குடியுரிமை கொடுத்த திட்டம் அது. 2008 இறுதியில் அறிவித்தார்கள். மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் புதுச் சேர்க்கையை நிறுத்திவிட்டார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் இன்று பணிக்காலத்தை முடித்துவிட்டோ, முடிக்கும் தறுவாயிலோ இருக்கிறார்கள். அடுத்து என்ன படிப்பது, யார் செலவில் படிப்பது என்ற கேள்வி அவர்கள் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பணம் இல்லை என்ற பிரச்சினை இங்கே அநேகமாகக் கிடையாது. உதவிகள் ஏராளம். ஆனால் ஒன்றை எடுத்தால் இன்னொன்று கரையும். சிலவற்றைச் சீருடையில் இருக்கும்போது மட்டுமே கேட்க முடியும், ஒருநாள் தாண்டினாலும் கதவு மூடிவிடும். அதனால் எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிவரை தொடாமல் வைத்திருப்பது என்பதுதான் முழு விஷயமும். அந்த வரிசையிலேயே இந்தக் கட்டுரையை எழுதியிருக்கிறேன்.

முதல் படி: உங்கள் பணிநாட்களை எண்ணுங்கள்

இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது போஸ்ட் 9/11 ஜிஐ பில் என்ற கல்வி உதவித் திட்டம். சட்டம் 2008இல் வந்தது, 2009 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ராணுவ வட்டாரத்தில் இதை 'சேப்டர் 33' என்று எண்ணைச் சொல்லியே குறிப்பிடுவார்கள். மொத்தம் 36 மாத உதவி. கல்லூரி ஆண்டுக்கு 9 மாதம் என்று கொண்டால், இது நான்காண்டுப் பட்டப்படிப்புக்குச் சரியாக இருக்கும். கோடை விடுமுறையில் வகுப்பு எடுக்காவிட்டால் அந்த மாதங்கள் கழியாது.

எல்லாருக்கும் முழுத் தொகை கிடைத்துவிடாது. 2001 செப்டம்பர் 10க்குப் பிறகு நீங்கள் முழுநேரப் பணியில் இருந்த நாட்களை வைத்துச் சதவீதம் கணக்கிடுகிறார்கள். 36 மாதம் முடித்தால் 100 சதவீதம். 30 மாதத்துக்கு 90, 24 மாதத்துக்கு 80, 18 மாதத்துக்கு 70, 6 மாதத்துக்கு 60, குறைந்தது 90 நாட்களுக்கு 50. போரில் காயமடைந்து பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றவர்களுக்கு நாள் கணக்கே கிடையாது, முழுத் தொகை. தொடர்ந்து 30 நாள் பணியாற்றியபின், பணியில் ஏற்பட்ட உடல்நலக் குறையால் விடுவிக்கப்பட்டவர்களுக்கும் அப்படியே.

கணக்கில் சேராத நாட்களும் உண்டு. கல்லூரியிலேயே அதிகாரிப் பயிற்சி தரும் ரோட்சி (ROTC) திட்டத்தின் உதவித்தொகையில் படித்தோ, வெஸ்ட் பாயின்ட், அனாபொலிஸ் போன்ற ராணுவக் கல்லூரிகளில் படித்தோ அதிகாரியானவர்கள், அதற்கு ஈடாகச் செய்ய வேண்டிய கட்டாயப் பணிக்காலத்தை இதில் சேர்க்க முடியாது. ராணுவமே உங்கள் கல்விக் கடனை அடைத்திருந்தால் அதற்காகக் கொடுத்த மூன்றாண்டும் சேராது. "நாலு வருஷம் முடிச்சாச்சு, முழுசா கிடைக்கும்" என்று நம்பிக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு, சதவீதத்தைப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று வகைதான்.

எந்த வகையில் விடுவிக்கப்பட்டீர்கள் என்பதும் முக்கியம். ஜிஐ பில்லுக்கு 'ஹானரபிள்' என்று இருக்க வேண்டும். 'ஜெனரல்' என்றிருந்தால் மருத்துவம் போன்ற பிற சலுகைகள் கிடைக்கலாம், இது கிடைக்காது. அதை மாற்றக் கேட்டு, விலகிய 15 ஆண்டுக்குள் டிடி-293 படிவத்தில் மறுபரிசீலனைக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். மனச்சோர்வோ போர்ப்பதற்றமோ காரணமாக நடந்த ஒழுங்குமீறல் என்றால் மருத்துவச் சான்றுகளோடு விண்ணப்பியுங்கள். கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: சீருடையில் இருக்கும்போதே படிக்கத் தொடங்குங்கள்

பணியில் இருக்கும்போது ஜிஐ பில்லைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தொட்டால் டியூஷனுக்கு, அதாவது கல்லூரிக் கட்டணத்துக்கு, பணம் கிடைக்கும், மாதங்களும் கழியும், ஆனால் வீட்டு வாடகைத் தொகை வராது. பணியில் இருப்பவருக்கு ராணுவமே வாடகை கொடுப்பதால் ஜிஐ பில் அதைக் கொடுக்காது. திட்டத்தின் மிக மதிப்புள்ள பகுதியை நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

அதற்குப் பதில் டியூஷன் அசிஸ்டன்ஸ் என்ற கட்டண உதவி இருக்கிறது. ஒரு செமஸ்டர் கிரெடிட்டுக்கு (பாட அலகுக்கு) 250 டாலர், ஆண்டுக்கு 4,500 டாலர் என்பது பாதுகாப்புத் துறை வைத்திருக்கும் உச்சவரம்பு. ஆண்டு என்பது இங்கே அக்டோபர் 1இல் தொடங்கும் நிதியாண்டு. பணம் நேராகக் கல்லூரிக்குப் போய்விடும். எந்தத் தரத்திலிருந்து, சேர்ந்து எவ்வளவு காலத்துக்குப் பிறகு கேட்கலாம் என்பது தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரீன் என ஒவ்வொன்றிலும் வேறுபடும். முகாமின் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று விதிகளை மட்டும் மறக்கக் கூடாது:

- வகுப்பு தொடங்கும் முன்பே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். தொடங்கியபின் கேட்டால் கிடைக்காது.
- இளநிலை வகுப்பில் 'சி', முதுநிலை வகுப்பில் 'பி' கிரேடுக்குக் கீழே போனால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.
- அதிகாரிகள் இதைப் பெற்றால் மேலும் இரண்டாண்டு பணியாற்றக் கடமைப்பட்டவர்கள் ஆவார்கள்.

வகுப்பே எடுக்காமல் கிரெடிட் சேர்க்கும் வழியும் இருக்கிறது. க்ளெப், டிஎஸ்எஸ்டி என்ற தேர்வுகளைப் பணியில் இருப்பவர்கள் டான்டெஸ் அமைப்பின் செலவில் எழுதலாம். கணிதம், வரலாறு, உளவியல் என்று பள்ளியிலேயே நன்றாகப் படித்த பாடம் ஏதாவது ஒன்று எல்லாருக்கும் இருக்கும். ஒரு தேர்வில் தேறினால் பொதுவாக 3 கிரெடிட்டாவது கிடைக்கும், ஒரு செமஸ்டர் வகுப்பு மிச்சம். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பன்னிரண்டாம் வகுப்புவரை படித்துவிட்டு வந்தவர்களுக்குக் கணிதத் தேர்வு பெரிய சுமையாக இருக்காது.

இத்துடன் உங்கள் ராணுவப் பயிற்சிக்கே கல்லூரி கிரெடிட் உண்டு. அதைப் பட்டியலிடும் ஆவணம் ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்ட். விமானப்படையினருக்கு மட்டும் அவர்களுடைய சமுதாயக் கல்லூரியே தனியாக டிரான்ஸ்கிரிப்ட் கொடுக்கும். மருத்துவ உதவியாளர், மின்னணுப் பழுதுபார்ப்பவர், சரக்கு மேலாண்மை போன்ற பணிகளுக்குக் கணிசமாகத் தேறும். எதை ஏற்பது என்பது கல்லூரியின் முடிவு. ஆகவே சேரும் முன் இந்த ஆவணத்தை அனுப்பி, "எனது பட்டத்துக்கு இதில் எத்தனை கிரெடிட் கழியும்?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். 'விருப்பப் பாடமாக ஏற்கிறோம்' என்பதற்கும் 'பட்டத்துக்குத் தேவையான பாடத்துக்கு ஈடாக ஏற்கிறோம்' என்பதற்கும் ஒரு செமஸ்டர் வித்தியாசம் இருக்கலாம்.

மூன்றாம் படி: விலகுவதற்கு முந்தைய ஆண்டு

இந்த ஓராண்டைத்தான் நம்மவர்கள் அதிகம் வீணாக்குகிறார்கள். வீடு மாற்றுவது, வேலை தேடுவது, ஊருக்குப் போய்வருவது என்று ஓடிவிடும். செய்ய வேண்டியவை இரண்டுதான், இரண்டையும் தள்ளிப்போட முடியாது.

ஒன்று, ஜிஐ பில்லைக் குடும்பத்துக்கு மாற்றுவது. மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ மாற்ற, குறைந்தது 6 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும், மேலும் 4 ஆண்டு பணியாற்ற ஒப்புக்கொள்ள வேண்டும். பாதுகாப்புத் துறையின் மில்கனெக்ட் இணையதளத்தில் கேட்க வேண்டும், அதுவும் பணியில் இருக்கும்போதே. விலகிய மறுநாள் கேட்டால் யாராலும் உதவ முடியாது. எனவே இது உண்மையில் கடைசி ஆண்டுக்கான வேலை அல்ல. ஆறாம் ஆண்டு முடிந்ததும் யோசிக்க வேண்டியது. கடைசி ஆண்டில் செய்ய வேண்டியது ஒப்புதல் வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பது.

எத்தனை மாதங்களை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விலகியபின் புதுப் பெயரைச் சேர்க்க முடியாது. பட்டியலில் ஏற்கெனவே இருப்பவர்களுக்குள்தான் மாற்ற முடியும். ஆகவே மனைவி அல்லது கணவர், இருக்கும் ஒவ்வொரு பிள்ளை, எல்லார் பெயரிலும் ஒரு மாதமாவது எழுதிவையுங்கள். கைக்குழந்தைக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். பதினெட்டு ஆண்டு கழித்து அந்த ஒரு மாதத்தை முப்பதாக்கலாம். எழுதாமல் விட்டால் எதுவும் செய்ய முடியாது.

இரண்டாவது, உடல்நலக் குறைக்கான கோரிக்கை. விலகும் தேதிக்கு 180 முதல் 90 நாள் முன்பு, பிடிடி என்ற வழியில் இதைத் தாக்கல் செய்யலாம். "உடம்புக்கு ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லியே பழகியவர்கள் நாம். முழங்கால் வலி, முதுகு வலி, காதுக்குள் கேட்கும் இரைச்சல், தூக்கமின்மை எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் பணியை முடித்துவிட்டு வருகிறோம். மருத்துவக் குறிப்பில் ஏறாத வலியைப் பின்னாளில் நிரூபிப்பது மிகக் கடினம். படிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், அடுத்த படி முழுக்க அதுதான்.

நான்காம் படி: உடல்நலக் குறை மதிப்பீடு இருந்தால் சேப்டர் 31ஐ முதலில் கேளுங்கள்

முன்னாள் படைவீரர் நலத்துறையை எல்லாரும் விஏ என்பார்கள். விஏ உங்களுக்கு 10 சதவீதமோ அதற்கு மேலோ உடல்நலக் குறை மதிப்பீடு கொடுத்திருந்தால், வேலைக்குத் தயார்ப்படுத்தும் மறுவாழ்வுத் திட்டத்துக்கு, அதாவது சேப்டர் 31க்கு விண்ணப்பிக்கலாம். படிவம் 28-1900. ஓர் ஆலோசகர் உங்களைச் சந்திப்பார். உங்கள் குறைபாடு வேலை தேடுவதற்கோ வேலையில் நீடிப்பதற்கோ தடையாக இருக்கிறது, இந்தப் படிப்பு அந்தத் தடையை நீக்கும் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒப்புக்கொண்டால் டியூஷன், புத்தகம், தேவையான கருவிகள், கணினி வரை செலவு அவர்களுடையது. தனியார் கல்லூரிக்கு ஜிஐ பில்லில் இருப்பதுபோன்ற ஆண்டு உச்சவரம்பும் கிடையாது. பொதுவாக 48 மாதம்வரை. மாதச் செலவுக்கான தொகையை இரண்டு விகிதங்களில் ஒன்றாக எடுக்கலாம். அதிகமான விகிதம் ஜிஐ பில் வாடகைத் தொகைக்கு இணையானது. அதைப் பெற உங்கள் ஜிஐ பில்லில் ஒருநாளாவது மிச்சம் இருக்க வேண்டும். முதலில் ஜிஐ பில்லை முழுக்கக் காலிசெய்துவிட்டு இங்கே வருபவர்களுக்குக் குறைந்த விகிதம்தான் கிடைக்கும். சேப்டர் 31ஐ முதலில் பயன்படுத்தினால் ஜிஐ பில் மாதங்கள் அதற்காகக் கழிவதில்லை. முதுநிலைப் படிப்புக்கோ பிள்ளைகளுக்கோ மிஞ்சும்.

ஆலோசகரைச் சந்திக்கப் போகும்போது 'எனக்குக் கணினி அறிவியல் பிடிக்கும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேலை, உங்கள் ஊரில் அந்த வேலைக்கு என்ன தகுதி கேட்கிறார்கள், உங்கள் முதுகோ காதோ மனநிலையோ பழைய வேலைக்கு ஏன் ஒத்துவராது, இந்த வேலைக்கு ஏன் ஒத்துவரும் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். அச்சடித்த வேலை விளம்பரங்கள் நான்கைந்தைச் சேர்த்து வையுங்கள். முதல் சந்திப்பில் மறுத்தால் மறுபரிசீலனை கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

ஐந்தாம் படி: ஜிஐ பில் எதைத் தருகிறது என்று சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

100 சதவீதத் தகுதி உள்ளவருக்கான கணக்கைச் சொல்கிறேன். உங்கள் சதவீதம் குறைவென்றால் எல்லாம் அந்த விகிதத்தில் குறையும்.

டியூஷன்: அரசுக் கல்லூரி என்றால் அந்த மாநிலத்தவருக்கான முழுக் கட்டணம். நீங்கள் அண்மையில்தான் அந்த மாநிலத்துக்குக் குடிவந்திருந்தாலும், ஜிஐ பில் மாணவரிடம் மாநிலத்தவருக்கான கட்டணத்தையே வாங்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்துகிறது. தனியார் கல்லூரி என்றால் ஆண்டுக்கு ஓர் உச்சவரம்பு. 2024-25 கல்வியாண்டில் அது ஏறத்தாழ 28,937 டாலராக இருந்தது. ஒவ்வோர் ஆகஸ்ட் 1லும் மாறும். விஏ ஒப்புதல் பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் படிக்கலாம், அங்கும் இதே உச்சவரம்புதான்.

தனியார் கல்லூரிக் கட்டணம் உச்சவரம்பைத் தாண்டினால் யெல்லோ ரிப்பன் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். 60,000 டாலர் கட்டணம் என்று வையுங்கள். 2024-25இன் வரம்பு போக 31,000 டாலருக்குச் சற்றே அதிகமாக நிற்கும். கல்லூரி அதில் ஒரு பாதியைத் தள்ளுபடி செய்தால் மறுபாதியை விஏ கட்டும். உங்களுக்குச் செலவு இல்லை. எவ்வளவு தள்ளுபடி, ஆண்டுக்கு எத்தனை பேருக்கு என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவுசெய்கிறது. சில கல்லூரிகளில் வரம்பில்லை, சிலவற்றில் சில இடங்கள்தான். 100 சதவீதத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

வாடகை: இ-5 என்ற சம்பளத் தரத்தில் குடும்பத்தோடு இருக்கும் வீரருக்கு ராணுவம் கொடுக்கும் வாடகைத் தொகைதான் அளவு. நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட மாட்டார்கள், பெரும்பாலான வகுப்புகள் நடக்கும் வளாகத்தின் அஞ்சல் குறியீட்டை வைத்துத்தான். நியூயார்க் நகரில் மாதம் 4,000 டாலரைத் தாண்டும். சிறு நகரங்களில் அதில் பாதிக்கும் குறைவு. எல்லா வகுப்பும் இணையவழி என்றால் தேசிய சராசரியில் பாதி, ஏறத்தாழ 1,100 டாலர். நேரில் நடக்கும் ஒரே ஒரு வகுப்பில் சேர்ந்தாலும் வளாகத்துக்கான விகிதம் வந்துவிடும்! இணையவழியில் படிக்க நினைப்பவர்கள் பக்கத்து ஊர் வளாகத்தில் ஒரு வகுப்பையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை கிரெடிட் எடுக்கிறீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். முழுநேரம் 12 கிரெடிட் என்றால், 6 கிரெடிட் சரியாகப் பாதி. பாதியோ அதற்குக் கீழோ இருந்தால் வாடகைத் தொகை அறவே கிடையாது. 7 கிரெடிட் எடுத்தால் 60 சதவீதம் கிடைக்கும். ஒரே ஒரு கிரெடிட் வித்தியாசத்தில் மாத வருமானம் முழுவதும் தங்கியிருக்கிறது என்பதை மனத்தில் வைத்து வகுப்புகளைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தத் தொகை மாதம் முடிந்தபின்தான் வரும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வகுப்பு தொடங்கினால் செப்டம்பரில் வருவது அந்த ஒரு வாரத்துக்கான பணம் மட்டுமே. முழு மாதத் தொகையை முதன்முதலாக அக்டோபரில்தான் பார்ப்பீர்கள். செமஸ்டர்களுக்கு இடைப்பட்ட விடுமுறைக்கும் பணம் வராது. டிசம்பரும் ஜனவரியும் இறுக்கமாக இருக்கும். பணியில் இருக்கும்போதே இரண்டு மாத வாடகையைத் தனியாக ஒதுக்கிவிட்டு வாருங்கள்.

புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை, செமஸ்டர் தொடக்கத்தில் கொடுப்பார்கள். இவை எதற்கும் வருமான வரி இல்லை.

காலக்கெடு பற்றி ஒரு வார்த்தை. 2013 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ விலகியவர்களுக்குக் காலக்கெடுவே இல்லை, அறுபது வயதிலும் பயன்படுத்தலாம். 2017இல் வந்த சட்டம் அதைச் செய்தது. அந்தச் சட்டத்துக்கு ஹாரி கோல்மெரியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1944 ஜூன் 22 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட முதல் ஜிஐ பில்லின் வரைவை எழுதியவர் அவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 78 லட்சம் வீரர்கள் அதன் உதவியில் படித்தார்கள், பயிற்சி பெற்றார்கள். தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்கள் பலர் அதே உரிமையைப் பெற முடியாமல் அலைக்கழிக்கப்பட்டார்கள் என்பதும் அந்த வரலாற்றில் அடங்கும். சட்டத்தில் எழுதியிருப்பது தானாக வீடு தேடி வராது என்பதை அவர்கள் வாழ்க்கை காட்டியது. 2013க்கு முன் விலகியவர்களுக்கு 15 ஆண்டுக் கெடு இன்னும் உண்டு, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மான்ட்கோமரி ஜிஐ பில்லுக்காக முதலாண்டுச் சம்பளத்தில் மாதம் 100 டாலர் வீதம் 1,200 டாலர் கட்டியவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. தகுதி தரும் பணிக்காலம் இரண்டு தடவை தனித்தனியாக இருந்தால், இரண்டு திட்டங்களையும் சேர்த்து 48 மாதம்வரை பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ருடிசில் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருமுறை விலகி மறுபடி சேர்ந்தவர்கள் இதை அவசியம் விசாரியுங்கள்.

ஆறாம் படி: கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

ஜிஐ பில் பணத்துக்காகவே படைவீரர்களை வலைவீசிப் பிடித்த கல்லூரிகள் உண்டு. லாபநோக்கில் நடக்கும் கல்லூரிகள் தம் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்தியக் கல்வி உதவியிலிருந்து பெறக் கூடாது என்பது விதி. நெடுங்காலம் ஜிஐ பில் பணத்தை அந்த 90இல் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அதனால் ஒரு படைவீரர் சேர்ந்தால் அவர்களுக்கு இரட்டை லாபம். 2021இல் சட்டத்தைத் திருத்தி 2023 முதல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். அதற்குள் அப்படிப்பட்ட கல்லூரிகளான கொரிந்தியன் 2015இலும் ஐடிடி டெக் 2016இலும் மூடப்பட்டு, அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றார்கள். கல்லூரி மூடிவிட்டால் செலவான மாதங்களை விஏ திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறது. போன ஆண்டுகள் போனவைதான்.

விஏ தளத்தில் ஜிஐ பில் ஒப்பீட்டுக் கருவி இருக்கிறது. கல்லூரியின் பெயரைக் கொடுத்தால் டியூஷனுக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு, யெல்லோ ரிப்பன் உண்டா, எத்தனை புகார்கள் வந்திருக்கின்றன, எச்சரிக்கைக் குறி ஏதும் உள்ளதா என்று காட்டும். அதைப் பார்த்தபின் கல்லூரிக்கே தொலைபேசியில் பேசி இவற்றைக் கேளுங்கள்: படைவீரர் மாணவர்களுக்குத் தனி அலுவலகம் இருக்கிறதா? ஜிஐ பில் சான்றளிக்கும் அலுவலர் யார், அவர் முழுநேரமா? இங்கே எடுத்த கிரெடிட்டைப் பக்கத்து அரசுப் பல்கலைக்கழகம் ஏற்கிறதா? கடைசிக் கேள்வியைக் கல்லூரியிடம் மட்டும் கேட்காமல் அந்த அரசுப் பல்கலைக்கழகத்திடமும் கேளுங்கள். இன்றே கையெழுத்துப் போட்டால்தான் இடம் என்று யாராவது அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெரிய பல்கலைக்கழகம் நமக்கெல்லாம் கிடைக்குமா என்ற தயக்கம் வேண்டாம். புகழ்பெற்ற கல்லூரிகள் பல படைவீரர்களைத் தேடிச் சேர்க்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் ஜெனரல் ஸ்டடீஸ், வயது கூடி வரும் மாணவர்களுக்காகவே இருப்பது, அங்கே முன்னாள் படைவீரர்கள் நிறையப் பேர். வாரியர்-ஸ்காலர் புராஜெக்ட் என்ற அமைப்பு, கல்லூரிப் படிப்புக்குப் பழக்கும் முகாம்களைப் பல்கலைக்கழக வளாகங்களில் கட்டணமின்றி நடத்துகிறது. விண்ணப்பக் கட்டுரை எழுத சர்வீஸ் டு ஸ்கூல் அமைப்பு இலவசமாக வழிகாட்டுகிறது.

மாநிலச் சலுகைகளையும் பாருங்கள். டெக்சாசின் ஹேசில்வுட் சட்டம் அரசுக் கல்லூரிகளில் 150 கிரெடிட் வரை டியூஷனைத் தள்ளுபடி செய்கிறது. விஸ்கான்சினில் 128 கிரெடிட் அல்லது 8 செமஸ்டர். கலிபோர்னியாவில் உடல்நலக் குறை உள்ள வீரர்களின் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணத் தள்ளுபடி உண்டு. இலினாயிலும் தனி மானியம் இருக்கிறது. மாநில உதவியில் டியூஷன் கட்டி, ஜிஐ பில்லைப் பின்னாளுக்கு வைக்க முடிகிறதா என்று விசாரியுங்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் குடியிருப்பு விதிகள் வேறு.

ஏழாம் படி: விண்ணப்பம்

டிடி-214 என்ற விடுவிப்புச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், கல்லூரிப் பெயர் இவை போதும். விஏ தளத்தில் லாகின்.கவ் அல்லது ஐடி.மீ கணக்கு வழியாக நுழைந்து படிவம் 22-1990ஐ நிரப்புங்கள். மாற்றிக்கொடுத்த மாதங்களைப் பயன்படுத்தும் மனைவி, கணவர், பிள்ளைகளுக்கு 22-1990இ. பணியில் உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்கு 22-5490. பின்னால் கல்லூரி மாற்றினால் 22-1995.

ஏறத்தாழ ஒரு மாதத்தில் தகுதிச் சான்றிதழ் வரும். அதைக் கல்லூரியின் சான்றளிக்கும் அலுவலரிடம் கொடுங்கள். அவர் உங்கள் வகுப்புகளை விஏவுக்குச் சான்றளித்தால்தான் பணம் அசையும். ஒவ்வொரு செமஸ்டருக்கும் அவரிடம் நினைவுபடுத்த வேண்டும். அவருடைய பெயரும் அறை எண்ணும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

கூடவே மத்திய அரசின் மாணவர் நிதியுதவிக்கான பாஃப்சா விண்ணப்பத்தையும் போடுங்கள். ஜிஐ பில் இருக்கும்போது இது எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். படைவீரர் தனித்து வாழும் மாணவராகக் கருதப்படுவதால் பெற்றோர் வருமானத்தைக் கேட்க மாட்டார்கள். விஏ கல்வித் தொகையும் வருமானமாகச் சேராது. இதன் வழியாகக் கிடைக்கும் பெல் மானியம் 2024-25இல் அதிகபட்சம் 7,395 டாலராக இருந்தது. டியூஷனை ஜிஐ பில் கட்டிவிட்டால் இந்த மானியம் உங்கள் கைக்கே வரும், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

அறிவியல், பொறியியல் படிப்பவர்களுக்கு ஜிஐ பில் தீரும் தறுவாயில் எடித் நோர்ஸ் ரோஜர்ஸ் உதவித்தொகை உண்டு. மேலும் 9 மாதம் அல்லது 30,000 டாலர் வரை.

எட்டாம் படி: வகுப்பு தொடங்கியபின்

ஒவ்வொரு மாதமும் 'இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று விஏவுக்கு உறுதிசெய்ய வேண்டும். குறுஞ்செய்திக்குச் சம்மதித்திருந்தால் வரும் கேள்விக்கு 'யெஸ்' என்று பதில் அனுப்பினால் முடிந்தது. தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் வாடகைத் தொகை நின்றுவிடும்.

வகுப்பைப் பாதியில் விடுவதுதான் பெரிய ஆபத்து. விட்ட வகுப்புக்காகக் கொடுத்த தொகையை விஏ திருப்பிக் கேட்கும், செமஸ்டரின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டு. நோய், வீட்டில் மரணம், எதிர்பாராத பணி அழைப்பு போன்ற காரணம் இருந்தால் சான்றோடு சொல்லுங்கள், கடனைக் குறைப்பார்கள். முதல் தடவை 6 கிரெடிட் வரை காரணம் கேட்காமலே பொறுத்துக்கொள்வார்கள், அந்தச் சலுகை வாழ்நாளில் ஒருமுறைதான். ஆகவே வகுப்பை விடும் முன் சான்றளிக்கும் அலுவலரைப் பாருங்கள், பார்க்காமல் இணையத்தில் பொத்தானை அழுத்தாதீர்கள். கடன் கடிதம் வந்தால் பிரிக்காமல் மேசையில் போடாதீர்கள். தவணை கேட்கலாம், தள்ளுபடி கேட்கலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் நாள் கணக்கு உண்டு.

பாடம் கடினமாக இருந்தால் தனிப்பயிற்சிக்கு மாதம் 100 டாலர் வீதம் மொத்தம் 1,200 டாலர் வரை கிடைக்கும். முக்கால்வாசி நேரத்துக்குக் குறையாமல் படிப்பவர்கள் விஏ வேலைத் திட்டத்தில் கல்லூரி அலுவலகத்திலேயே பகுதிநேரம் வேலை செய்யலாம், அந்தச் சம்பளத்துக்கும் வரி இல்லை.

இருபத்தெட்டு வயதில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்காருவது முதல் செமஸ்டரில் அந்நியமாகத்தான் இருக்கும். வளாகத்தின் படைவீரர் மையத்துக்குப் போய் உட்காருங்கள். கவனம் நிலைக்கவில்லை, கூட்டமான தேர்வறையில் மூச்சு முட்டுகிறது என்றால் மாற்றுத்திறன் சேவை அலுவலகத்தில் சொல்லித் தனியறையும் கூடுதல் நேரமும் கேட்கலாம். இது உரிமை, யாருடைய தயவும் இல்லை. இரவில் மனம் தாங்காமல் போனால் 988ஐ அழைத்து 1ஐ அழுத்துங்கள். படைவீரர்களுக்கென்றே இருக்கும் இணைப்பு அது, எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.

குடும்பத்தினருக்கு

மாற்றிக்கொடுத்த மாதங்களை மனைவியோ கணவரோ உடனே பயன்படுத்தலாம். ஆனால் வீரர் இன்னும் பணியில் இருந்தால் அவர்களுக்கு வாடகைத் தொகை வராது. பிள்ளைகளுக்கு வரும். வீரர் 10 ஆண்டு பணி முடித்தபின், பிள்ளை 18 வயதானதும் அல்லது உயர்நிலைப் பள்ளி முடித்ததும் தொடங்கி 26 வயதுவரை பயன்படுத்தலாம். மூத்த பிள்ளைக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடாமல், யார் எங்கே படிக்கப் போகிறார்கள் என்று பார்த்துப் பிரித்துக்கொடுங்கள். அரசுக் கல்லூரியில் படிக்கும் பிள்ளையைவிட, யெல்லோ ரிப்பன் உள்ள தனியார் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மாதத்தின் மதிப்பு பலமடங்கு.

பணியில் இருப்பவரின் மனைவி அல்லது கணவருக்கு, வீரரின் தரத்தைப் பொறுத்து, மைக்கா திட்டத்தில் 4,000 டாலர் வரை உண்டு. செவிலியர் உதவியாளர், மருத்துவப் பில்லிங், ஆசிரியர் உரிமம் போன்ற சான்றிதழ்களுக்கும் இரண்டாண்டுப் பட்டத்துக்கும் பயன்படும். ஊர் ஊராக மாறிக்கொண்டே இருப்பதால் சொந்தத் தொழிலை விட்டுவிட்டு வந்த பெண்கள் இதை அதிகம் தவறவிடுகிறார்கள்.

2001 செப்டம்பர் 11 முதல் பணியின்போது உயிரிழந்தவர்களின் மனைவி, கணவர், பிள்ளைகளுக்கு ஃப்ரை உதவித்தொகை, ஜிஐ பில்லின் 100 சதவீத அளவில். நிரந்தரமாக முழு உடல்நலக் குறை ஏற்பட்டவர்களின் குடும்பத்துக்கு சேப்டர் 35 என்ற கல்வி உதவி.

சந்தேகம் வந்தால்

விஏவின் கல்வி உதவி எண் 888-442-4551. பேசியவரின் பெயர், தேதி, சொன்ன பதில் மூன்றையும் குறித்துவையுங்கள். அமெரிக்கன் லீஜியன், விஎஃப்டபிள்யூ, டிஏவி ஆகிய முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் விண்ணப்பங்களுக்கு இலவசமாக உதவுவார்கள். கட்டணம் கேட்டு 'உங்கள் விஏ உதவியை வாங்கித் தருகிறோம்' என்று வருபவர்களிடம் டிடி-214இன் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.